சிவப்பு வட்டத்துக்குள் ஒரு பொட்டு

எங்கள் விமானத்துக்குள் முதன்முதல் போய்ப் படுத்தது என் மனைவிதான். அப்போது அதை விமானம் என்று சொன்னால் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ரொறொன்ரோவின் ரூஜ் பகுதியில், எங்கள் வீட்டுக் கராஜில், பழைய போர்வை விரித்த இரண்டு மேசைகளின் மேல் கிடந்த அலுமினியக் கூடு அது. முன்பக்கம் அகலம், வால்பக்கம் போகப்போக ஒடுக்கம். நானோ என் கூட்டாளியோ அந்த ஒடுக்கத்துக்குள் தோளை நுழைத்தால் வெளியே இழுக்க ஆள் பிடிக்க வேண்டும். அவள் சின்ன உருவம். ஒரு தலையணையை உள்ளே எறிந்துவிட்டு, தலைமயிரைத் துணியால் கட்டிக்கொண்டு, மல்லாந்தபடியே ஊர்ந்து போய்விடுவாள்.

வேலை இதுதான். தகட்டில் துளை. துளைக்குள் றிவெற் என்கிற சின்ன அலுமினிய ஆணி. வெளியே நின்று நான் காற்றுத் துவக்கால் அதன் தலையில் அடிக்க, உள்ளே அவள் ஓர் இரும்புக் கட்டையை அதன் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டை நேராக இருந்தால் வால் நசிந்து பொத்தான் மாதிரி வரும். சரிந்தால் ஆணி வளைந்துபோகும். துளைத்து எடுத்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து. சத்தமோ தாங்க ஏலாது. இரண்டு பேர் காதிலும் அடைப்பான். கதைக்க முடியாது. ஆகவே அவள் உள்ளே இருந்து தகட்டில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு தட்டு என்றால் நல்லது, அடுத்ததுக்குப் போ.

கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருசம். அவள் சொன்னதை நானும் நான் செய்ததை அவளும் ஓர் எதிர்ச்சொல் இல்லாமல் ஏற்றுக்கொண்டது அந்தக் கராஜுக்குள்தான். இன்றைக்கும் அந்த இரண்டு தட்டை நினைத்தால் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சுகம்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரொறொன்ரோ வந்த நாளில் இருந்து தகர வேலை. பெரிய கட்டடங்களுக்குச் சூட்டுக் காற்றும் குளிர்க் காற்றும் கொண்டுபோகிற குழாய்களை வெட்டி, மடித்து, பொருத்துவேன். அதோடு நான் பயந்தவன். அதை ஒளிக்க ஒன்றும் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு மோர்னிங்சைட் வீதி வரைக்கும் போய், அடுப்பை நிற்பாட்டினேனா என்று திரும்பி வந்திருக்கிறேன். அன்றைக்கு அடுப்பே மூட்டியிருக்க மாட்டோம். இப்போதெல்லாம் மனைவி புறப்படும்போது அடுப்பை ஃபோனில் படம் எடுத்து, எனக்குக் காட்டிவிட்டுத்தான் காரில் ஏறுகிறாள்.

இப்படிப்பட்டவன் விமானம் கட்டப் போனது என் கூட்டாளியால். மன்னார்க்காரன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். வந்த புதிதில் பார்க்டேல் பக்கம் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். என் மெத்தைக்குப் பக்கத்து மெத்தை அவனுடையது. நான் எழுந்து எழுந்து கதவுப் பூட்டைப் பார்ப்பேன். அவன் கண்ணைத் திறக்காமலே, "பூட்டித்தான் கிடக்கு அண்ணை, படுங்கோ" என்பான். பிறகு பெரிய லொறி ஓட்டினான். நாற்பது வயதுக்குமேல், லொறி ஓடாத நாட்களில் படித்து, விமானம் ஓட்டும் அனுமதிப் பத்திரம் எடுத்தான். அவன் எதற்கும் பயப்படமாட்டான். அவனுக்கும் சேர்த்து நான் பயந்துகொள்வேன். எங்கள் சிநேகிதம் இவ்வளவு காலம் ஓடியது அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் எடுத்தான்.

"அண்ணை, ஒரு பிளேன் விக்கக் கிடக்காம். அரைவாசிப் பிளேன்."

"எந்த அரைவாசி?"

"அதைத்தான் பார்க்கப் போறம். வெளிக்கிடுங்கோ."

நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணை. அங்கே வைக்கோல் கொட்டகைக்குள், இரண்டு பேர் இருந்து போகக்கூடிய சின்ன விமானத்தின் சாமான்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. வீட்டிலேயே கட்டிக்கொள்ளத் தொழிற்சாலை விற்கிற தொகுதி. உரிமையாளர் வாலை மட்டும் முடித்திருந்தார். பிறகு அவருடைய தோள்மூட்டு பழுதாகி, கை தூக்க முடியாமல் போய்விட்டது. நான் அந்த வாலின் றிவெற் வரிசையை விரலால் தடவிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் விரல் நின்றது. மனிதர் அதைப் பார்த்துவிட்டார். "ஓம், அந்த மூன்றும் எனக்கும் பிடிக்காதவைதான்" என்ற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார். நீ பைலற்றா என்று கேட்டார். இல்லை, காற்றுக் குழாய் செய்கிறவன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வேறு இரண்டு பேர் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்ததை எங்களுக்குத் தந்தார். வரைபடங்களை ஒரு குளியல் துவாயில் சுற்றி, பிள்ளையைத் தருவதுபோல் என் கையில் வைத்தார். அவர் என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை. விரலைத்தான் பார்த்தார். என் வாழ்க்கையில் அப்படிப் பார்த்தவர்கள் குறைவு, அதனால் மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்று றிவெற்றையும் துளைத்து எடுத்தேன். பிறகு சந்தேகம் வந்து, அந்த வரிசை முழுவதையும் எடுத்தேன்.

வரைபடம் எனக்கு விளங்கும். அதன் ஓரத்தில் இருந்த ஆங்கிலம் விளங்காது. மனைவி பின்னேரங்களில் தேத்தண்ணியோடு வந்து இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொல்வாள். நான் கொப்பியில் எழுதிக்கொள்வேன். ஐந்து கொப்பி முடிந்தது. வேலை ஆறு வருசம் போனது. சிறகை மூடுவதற்கு முன் அரசாங்கத்தின் சார்பில் ஒரு பரிசோதகர் வந்தார். சின்னக் கண்ணாடியையும் ரோச் லைற்றையும் வைத்துக்கொண்டு உள்ளே கனநேரம் பார்த்தார். வெளியே வந்து, உள்பக்கம் கட்டை பிடித்தது யார் என்று கேட்டார். என் மனைவி, வகுப்பில் பிழை செய்த பிள்ளை மாதிரி, மெதுவாகக் கையைத் தூக்கினாள். அவர் தொப்பியைக் கழற்றி அவளுக்குத் தலை குனிந்தார். அன்றிரவு அவள் அதை மூன்று பேருக்கு ஃபோன் எடுத்துச் சொன்னாள்.

அவ்வளவு நல்லவர்கள் சூழ இருந்தும் எனக்கு ஒரு பயம் மட்டும் போகவில்லை. எங்கள் மாதிரி வீட்டில் கட்டிய விமானம் முதல் தடவை பறக்கும்போது ஓட்டுபவர் மட்டும்தான் உள்ளே இருக்கலாம். ஓட்டப்போகிறவன் அவன். அவனுக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். கட்டியவன் நான், ஒன்பதாம் வகுப்பு. ஏதாவது ஓர் ஆணி, ஏதாவது ஒரு குழாய், என் விளங்காத்தனத்தால் பிழையாய்ப் போனால், அவன் இறங்கி வரமாட்டான். ஆறு வருசமும் இதுதான் என் தலைக்குள் ஓடியது.

அதனால் வரைபடத்தில் இல்லாத சில காரியங்களும் செய்தேன். அதில் இரண்டைச் சொல்ல வேண்டும்.

விமானத்தின் வேகமும் உயரமும் காட்டுகிற மானிகளுக்கு வெளிக் காற்றின் அழுத்தம் தெரிய வேண்டும். அதற்காக உடலின் பின்பக்கத்தில், இடம் ஒன்று வலம் ஒன்றாக, இரண்டு சின்னத் துளைகள் உண்டு. அவற்றில் இருந்து ஒரு மெல்லிய குழாய் முன்னால் மானிகளுக்கு வரும். அந்தக் குழாய்க்குள் தண்ணீர் தேங்கினால் என்ன செய்வது என்று எனக்கு யோசனை. ஆசனத்துக்கு முன்னால், மானிப் பலகைக்குக் கீழே, குழாயின் பதிந்த இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு மூடி பூட்டினேன்.

கூட்டாளி குனிந்து பார்த்தான். "உது என்னண்ணை? பிளானில உப்பிடி ஒண்டும் இல்லையே."

"தண்ணி நிண்டால் திறந்து விடலாம்."

"தண்ணி எப்பிடி அதுக்குள்ள வரும்?"

"மழை பெய்தால்?"

"ஓம், உங்கட கராஜுக்குள்ள சரியான மழைதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். மூடி அப்படியே இருந்தது.

மற்றது அந்த இரண்டு துளைகள். பார்வைக்கு அவையும் றிவெற் தலை மாதிரித்தான். நடுவில் குண்டூசித் துளை இருக்கும், அவ்வளவுதான். யாராவது தெரியாமல் மெழுகு பூசிவிட்டால்? ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டால்? மனைவி நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூட்டெக்ஸ் போத்தலை எடுத்து, ஒவ்வொரு துளையையும் சுற்றி ஐந்து சதக் காசு அளவில் ஒரு வட்டம் வரைந்தேன். கவனம் எடுத்து, வடிவாக வரைந்தேன். எதற்காக என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. பார்த்தாலே விளங்கும் என்று நினைத்தேன்.

விமானத்தை வடக்கே ஒரு புல் ஓடுபாதைக்குக் கொண்டுபோய், அங்கே விமானங்கள் நிறுத்துகிற ஒரு ஹாங்கரில் பங்கு எடுத்து, சிறகுகளைப் பூட்டினோம். கடைசிப் பரிசோதனையும் முடிந்து கடதாசிகள் வந்தன. ஒரு சனிக்கிழமை காலை, காற்றில்லாத நாள். கூட்டாளி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான்.

என்னிடம் தமிழில் எழுதிய பட்டியல் இருந்தது. நாலு பக்கம். நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவன் விமானத்தைச் சுற்றிவந்து தொட்டுத் தொட்டு "ஓம்" என்று சொன்னான். சிறகின் கீழ் நீட்டிக்கொண்டிருக்கிற வேகக் குழாயின் உறையைக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்தேன். பின்பக்கத் துளைகள் இரண்டையும் அவன் பார்த்து "ஓம், ஓம்" என்றான். எல்லாம் முடிந்தது. பிறகுதான் பூசை.

புது வாகனம் ஓடுவதற்கு முன் எங்கள் ஆட்கள் செய்கிற பூசைதான். கார் வாங்கினாலும் செய்வோம். விமானத்துக்குச் செய்யாமல் விடுவோமா? மனைவி தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், பூ, சில்லுகளுக்குக் கீழே வைத்து நசிக்கத் தேசிக்காய் எல்லாம் கொண்டு வந்திருந்தாள். கூட்டாளி வேதக்காரன், அவன் தன் பங்குக்கு ஒரு சின்னப் போத்தலில் மாதா கோயில் தீர்த்தம் கொண்டு வந்து ஏற்கனவே விமானத்தின் மூக்கில் தெளித்துவிட்டான்.

"அக்கா, தேசிக்காய் மூண்டுதான் வேணும். சில்லு மூண்டு."

"எனக்குத் தெரியும், நான் எண்ணித்தான் கொண்டந்தனான்."

அவள் கற்பூரத்தை எடுத்தாள். எனக்கு உயிர் போய்விட்டது.

"இஞ்சேரும், பெற்றோல் மணக்கிற இடத்தில நெருப்போ? விசர் வேலை பாக்காதையும்!"

"ஒரு சின்னத் துண்டுதானே."

"துண்டும் வேண்டாம், துகளும் வேண்டாம்."

கடைசியில், டொலர் கடையில் வாங்கின பற்றரி மெழுகுதிரியைத் தாம்பாளத்தில் வைத்து அவள் ஆராத்தி காட்டினாள். நான் அவள் கைப்பையில் இருந்த நெருப்புப் பெட்டியையும் வாங்கிக் காரில் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது அவள் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கட்டியாய்க் குழைத்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. சிவப்பு வட்டத்துக்குள் அளந்து வைத்த மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. நான் நின்று பார்த்தேன். ஃபோனை எடுத்துப் படமும் எடுத்தேன். நெருப்பு இல்லாமல் முடிந்ததே என்ற நிம்மதியில் வேறொன்றும் என் மண்டையில் ஏறவில்லை.

கூட்டாளி ஏறி இருந்து பட்டியைப் பூட்டினான். விமானம் நகர, தேசிக்காய்கள் நசிந்தன. என் கையில் ஒரு சின்ன ரேடியோவைத் தந்திருந்தான். கேட்பதற்கு மட்டும், அனுமதி இல்லாமல் கதைக்கக் கூடாது என்று சொல்லித்தான் தந்தான்.

விமானம் ஓடியது. வால் எழும்பாமல் மூக்கு எழும்பியது. புல்லுக்கும் சில்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஆறு வருசம் தடவின தகடு மரங்களுக்கு மேலே ஏறியது. அந்த ஒரு நிமிசம் எனக்குப் பயமே இல்லை. அது உண்மை.

பிறகு ரேடியோவில் அவன் குரல், தமிழில்.

"அண்ணை, வேகம் விழுந்துகொண்டு போகுது. மூக்கு சரி, எஞ்சின் சரி. ஆனா வேகம்… இப்ப சைபர் எண்டு காட்டுது."

வேகம் இல்லாத விமானம் விழும். அது எனக்கும் தெரியும். ஆனால் கண்ணுக்கு முன்னால் விமானம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. உறை இருந்தது, கழற்றித்தான் இருக்கிறோம். அப்படியென்றால் வேகக் குழாய் அடைபடவில்லை.

"உயரமும் அசையேல்லை அண்ணை. நான் இன்னும் நிலத்தில நிக்கிறனாம்."

நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஒன்றும் அப்போது எனக்கு உதவவில்லை. உதவியது குழாய் வேலை. நாங்கள் ஒரு காற்றுக் குழாயில் அழுத்தம் பார்ப்பதென்றால் அதன் பக்கச் சுவரில் ஒரு சின்னத் துளை போட்டுத்தான் மானியைப் பிடிப்போம். துளையில் தூசி அடைத்தால் மானி பழைய கணக்கையே காட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மானியும் ஒன்றாகப் பிழை காட்டுகிறது என்றால் காரணம் இரண்டுக்கும் பொதுவான துளை. பக்கத் துளை. பக்கத்தில் என்ன…

படம் என் ஃபோனில் இருந்தது. எடுத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை.

நான் ரேடியோவின் பொத்தானை அழுத்தினேன். "தம்பி, பொட்டு! பின்னுக்கு ஓட்டை ரெண்டிலயும் பொட்டு வைச்சாச்சு. மானியை நம்பாதை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, மூக்கைப் பார்த்து ஓட்டு. விளங்குதோ?"

பொத்தானை விட்டேன்.

"விளங்குது. நேரா ஓடுறன். ஒண்டும் பிரச்சினை இல்லை." அவன் குரல் வழக்கத்தைவிட ஒரு படி மேலே இருந்தது. பார்க்டேல் காலத்தில் இருந்து அவனைத் தெரியும். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவனும் பயந்திருந்தான்.

"மரங்களைவிட்டு நல்லா மேல வந்தாப்பிறகு, சமனாப் பிடிச்சுக்கொண்டு, வலது கையைப் பலகைக்குக் கீழ விடு. ஒரு திருகு மூடி இருக்கு. தண்ணி மூடி. அதைக் கழட்டு."

"மழை மூடியோ?"

"ஓம், மழை மூடி. அதைத் திறந்தால் உள்ளுக்குள்ள இருக்கிற காத்தை எண்டாலும் மானி பிடிக்கும். கொஞ்சம் பிழை இருக்கும். சைபரைவிட நல்லம்."

விமானம் தூரத்தில் ஒரு பெரிய வளைவில் போனது. வெள்ளைப் புள்ளி. மனைவி என் முழங்கையை விட்டுவிட்டாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். தாம்பாளம் அவள் கையில் இருந்தது.

"அண்ணை!" ரேடியோ. "ஊசி எழும்பீற்றுது! ரெண்டும் எழும்பீற்றுது!"

நான் புல்லில் குந்திவிட்டேன்.

அவன் ஒரு சுற்றுச் சுற்றி, ஓடுபாதையை ஒருக்கால் பார்த்துக்கொண்டு மேலே போய், இரண்டாவது முறை வந்து இறங்கினான். சில்லு தொட்டு, ஒருமுறை குதித்து, மறுபடி தொட்டது. புரொப்பெல்லர் நின்றது. தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியைத் திறந்தவன் உடனே இறங்கவில்லை. ஆசனத்தில் இருந்தபடியே ஒரு சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு இறங்கி வந்து, பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான்.

மனைவி அவனுக்குக் கிட்டப் போனாள். அழவில்லை.

"வட்டம் கீறி இருந்தது," என்றாள், அவனிடம் அல்ல, என்னிடம். "என்ர கியூட்டெக்ஸால. நீங்கள் எனக்குப் பொட்டு வைக்க எண்டு இடம் கீறி வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன். இவருக்கு உந்த யோசினை எல்லாம் எப்பயிருந்து வந்தது எண்டு… சந்தோசத்தில நான் ஒண்டும் கேக்கேல்லை."

ஆறு வருசத்தில் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவனை, அவள் அப்படி நல்லவனாக நினைத்திருக்கிறாள். நான் வரைந்தது பயத்தில். அவள் பார்த்தது அன்பாக.

"பிழை என்ர," என்றேன். "எதுக்குக் கீறினனான் எண்டு உமக்குச் சொல்லியிருக்க வேணும். பொட்டை நானும் பார்த்தனான். படமும் எடுத்தனான்."

கூட்டாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கத்தியிருக்கலாம். பெண் பிள்ளைகளை நினைத்து, எங்களை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போயிருந்தால் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

"அக்கா," என்றான், "பொட்டில பிழை இல்லை. இடந்தான் பிழை. இவர் கராஜுக்க மழை பெய்யும் எண்டு பயந்திராட்டி நான் இப்பவும் சைபரிலதான் நிண்டிருப்பன். அது கிடக்கட்டும், வடை கொண்டந்தனீங்களோ இல்லையோ?"

அவள் சிரித்தாள். அதன்பிறகுதான் அழுதாள். நாங்கள் மூன்று பேரும் ஹாங்கர் வாசலில் இருந்து வடை சாப்பிட்டோம். அவன் ஆறு சாப்பிட்டான். சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு விமானத்தின் பதிவுப் புத்தகத்தை எடுத்து, பக்கத் துளைகள் அடைபட்டிருந்தன, துப்புரவாக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினான். எதனால் அடைபட்டது என்று அவன் எழுதவில்லை. மனைவி எட்டிப் பார்த்து, "அதையும் எழுதும்," என்றாள். அவன் எழுதினான். சந்தனத்துக்கு ஆங்கிலத்தில் என்ன எழுத்து என்று அவளே சொல்லிக் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் குழாயை மானிகளில் இருந்து கழற்றி, உள்ளே இருந்து வெளியே மெதுவாகக் காற்று ஊதி, துளைகளைத் துப்புரவாக்கினேன். சந்தனம் தூளாகக் கொட்டியது. நல்ல மணம்.

அடுத்த வாரத்தில் இருந்து என் பட்டியலில் ஒரு வரி கூடியது: பூசை இருந்தால், பூசைக்குப் பிறகு திரும்பவும் முதலில் இருந்து. பொட்டுக்கு இடம் மூக்குக் கூம்பு என்று மூன்று பேரும் தீர்மானித்தோம். சிவப்பு வட்டங்களை அழிக்கப் போனேன். மனைவி விடவில்லை. "இருக்கட்டும். இனி அது என்ர பொறுப்பு," என்றாள். ஒவ்வொரு முறையும் விமானம் வெளியே வரும்போது அவள் இரண்டு பக்கமும் போய், வட்டத்தைச் சுண்டுவிரலால் தடவி, விரலைத் தூக்கி எங்களுக்குக் காட்டுவாள். சுத்தமான விரல். அதைப் பார்த்தபிறகுதான் கூட்டாளி எஞ்சின் சாவியைத் திருப்புவான்.

சட்டப்படி தனியே ஓட்ட வேண்டிய முதல் இருபத்தைந்து மணித்தியாலங்களையும் அவன் அந்தக் கோடை முழுக்க ஓட்டி முடித்தான். இனி ஆள் ஏற்றலாம். அதாவது, என்னை.

நான் மூன்று கிழமை சாட்டுச் சொன்னேன். காற்று, முகில், முதுகு நோ. நாலாவது கிழமை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. வானம் துப்புரவாக நீலம். கூட்டாளி பக்கத்து ஆசனத்தைத் தட்டி, "ஏறுங்கோ அண்ணை. பூட்டித்தான் கிடக்கு," என்றான். அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்கு விளங்கியது. ஏறினேன். பட்டியைப் பூட்டினேன். ஒருக்கால் கழற்றி மறுபடி பூட்டினேன். உள்ளே என் வேலையின் மணம், அதோடு எங்கோ ஒரு மூலையில் இன்னும் கொஞ்சம் சந்தனம்.

இந்த விமானத்தை நான் வெளியே நின்றே கட்டியவன். உள்ளே இருந்தவள் அவள். அவளுடைய வேலையைப் பார்த்து அந்தப் பரிசோதகர் தொப்பி கழற்றினார்; அவளுடைய பொட்டோடு மேலே போன ஒருவன் இன்றைக்கு என் பக்கத்தில் இருந்து பாட்டை முணுமுணுக்கிறான். நான்தான் இன்னும் ஆணிகளை எண்ணிக்கொண்டு இருந்தேன்.

அவள் சுற்றி வந்தாள். இடப்பக்கம் விரலைக் காட்டினாள். வலப்பக்கம் விரலைக் காட்டினாள். எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடி மூடி பூட்டியிருந்தது, கதைத்தாலும் கேட்டிருக்காது. குனிந்து, என் முழங்கைக்கு நேரே, வெளித் தகட்டில் தட்டினாள்.

இரண்டு தட்டு.

"என்னவாம்?" என்றான் கூட்டாளி.

"நல்லதாம்," என்றேன். "அடுத்ததுக்குப் போகட்டாம்."

அவன் எஞ்சின் சாவியைத் திருப்புவதற்கு முன், நான் உள்ளே இருந்து தகட்டில் இரண்டு முறை தட்டினேன்.